ஆறாமல் மூடிய புண்

அன்று சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது வீட்டில் புண் வாடை இல்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். பல மாதங்களாக அந்த வாடைதான் வாசல்வரை வந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போகும். அழுகிய பழத்தையும் மருந்துப் பஞ்சையும் ஒரே ஈரத்துணியில் சுற்றி வைத்ததுபோன்ற நெடி. ஜன்னல் திரையிலும் தலையணையிலும் அவள் தலைமுடியிலும்கூட ஏறி உட்கார்ந்துகொண்டு, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்தால் நம்மால்தானோ என்று அவளைக் கூச வைத்த நெடி. அது துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது. அந்த இடத்தில் வேறொரு வாசனை இருந்தது. பச்சை மரத்தை அப்போதுதான் அறுத்தால் வருமே, ஈரமாக, லேசாகத் தித்திப்பாக, அந்த வாசனை.

அது அவள் வேலை பார்க்கும் இடத்து வாசனை. வன ஆராய்ச்சி நிலையத்தில் மர நோய்ப் பிரிவில் இருந்தாள். உடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று தன் கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் அடித்தது.

"யாரு, மர டாக்டரா? உள்ள வாங்க, நோயாளி ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கான்."

உள்ளேயிருந்து கணவரின் குரல். ஊருக்கெல்லாம் அவர் கணக்கு வாத்தியார். சிரிக்காமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாத மனிதர். அவருடைய குதிகாலில் செருப்புக் கடியாகத் தொடங்கிய புண், சர்க்கரை வியாதியின் தயவில் ஒரு கிண்ணம் அளவுக்குக் குழிந்து, எலும்பு வரைக்கும் போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் வழி என்று அறுவை மருத்துவர் நாளும் குறித்துவிட்டார். அன்றைக்கும் வாத்தியார் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார். "இனிமே ஒரு ஜோடி செருப்பு வாங்கினா ரெண்டு தடவைக்கு வரும்" என்றார். அன்றிரவு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டவர் தூங்கவேயில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு, கட்டுப் பிரிந்த குதிகாலை ஏதோ பரிசுக் கோப்பைபோல் அவளுக்குக் காட்டினார்.

"அக்கா காலைல கட்டு மாத்தும்போதே சொன்னா, காய ஆரம்பிச்சிருச்சுன்னு. நீயே பாரு."

அவருடைய அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். தினமும் காலையில் வந்து தம்பிக்குக் கட்டு மாற்றிவிட்டுப் போவாள்.

அவள் குனிந்து பார்த்தாள். குழியில் சீழ் இல்லை, சிவப்பும் இல்லை. குழியின் இரண்டு ஓரங்களிலிருந்தும் வழவழப்பாக, உருண்டையாக, ஏதோ ஒன்று தடித்து எழும்பி ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தது. தோல் நிறம்தான். தோல் அல்ல.

அந்த வடிவத்தை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். மரத்தில் கிளை முறிந்த இடத்தில், கோடாலி பட்ட இடத்தில், காயத்தின் இரு பக்கமும் புதுக்கட்டை இப்படித்தான் எழும். நிலையத்தில் அதற்கு உதடு என்றே பெயர். இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டால் "வாய் மூடிடுச்சு" என்பார்கள்.

அவள் எழுந்து நேரே குளிர்சாதனப் பெட்டிக்குப் போனாள். கீழ்த்தட்டில், ஒரு வாரம் முன்பு நிலையத்தில் மின்சாரம் போனபோது கெட்டுவிடக் கூடாதே என்று எடுத்து வந்து வைத்த ஜாடி இருந்தது. மரக்காயங்களைச் சீக்கிரம் மூட வைக்க, வளரும் மரத்தின் உயிர்ச்சதையிலிருந்து அவள் பிரிவு தயாரித்த பசை. 'தொடாதீர்கள்' என்று அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. ஜாடியின் அடியில் வழித்த விரல்தடம் மட்டும் மிச்சமிருந்தது.

"என்னங்க... இதை எடுத்தீங்களா?"

வாத்தியார் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பிறகு, "நீதானே போன்ல சொல்லிக்கிட்டிருந்த, தடவின மூணே வாரத்துல இம்மாம்பெரிய காயம் மூடிடுச்சுன்னு. உன் மரத்துக்கு ஒரு நியாயம், கட்டின புருஷனுக்கு ஒரு நியாயமா?" என்றார்.

"ஐயோ, அது மனுஷங்களுக்கு இல்லீங்க!"

"கால் போறதும் மனுஷங்களுக்கு இல்லம்மா." சிரிப்பில்லாமல் அவர் முடித்த வாக்கியம் அது ஒன்றுதான். "எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

வெந்நீர் வைத்தாள். சோப்புப் போட்டாள். பஞ்சால் தேய்த்தாள். அவர் "கூசுது, கூசுது" என்று சிரித்துக்கொண்டேயிருக்க, தண்ணீர் மூன்று முறை மாறியது. எதுவும் கரையவில்லை. தேய்க்கத் தேய்க்க அந்த உதடுகள் இன்னும் பளபளத்தன.

அந்த வாரக் கடைசியில் வாய் மூடிக்கொண்டது.

அறுவை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குதிகாலில் ஒரு மெல்லிய நேர்க்கோடு மட்டும் இருந்தது. சர்க்கரையும் சரியாக இருந்தது. "வாத்தியாரே, உங்களுக்கு ஆயுசு கெட்டி" என்று அறுவைக்குக் குறித்த தேதியை அடித்துவிட்டார்.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்? உள்ள எப்படி இருக்குன்னு..."

"நல்லா இருக்கிற காலுக்கு எதுக்கும்மா எக்ஸ்ரே? சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வெளியே வந்ததும் நாத்தனார் அவளைத் தூண் மறைவுக்கு இழுத்தாள். கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது. ஆனால் பேச்சில் சூடு. "என் தம்பி தப்பிச்சான்னு நான் தெய்வத்தைக் கும்பிட்டுக்கிட்டிருக்கேன். உனக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அவன் நல்லாகுறது உனக்குப் பிடிக்கலையா?"

"அண்ணி, ஆறினா எனக்குத்தான் முதல் சந்தோஷம். இது ஆறலை அண்ணி. மூடியிருக்கு."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

 நிலையத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் அது. மரத்துக்குப் புண் ஆறுவதென்பதே கிடையாது. மனித உடம்பு கெட்டதைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் நல்லதை வளர்க்கும். மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. கெட்டுப்போன இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை அப்படியே கைகழுவிவிட்டு, மேலே புதுக்கட்டையால் மூடிக்கொண்டு தன் பாட்டுக்கு வளரும். உள்ளே அழுகல் இருக்கும். அழுகல் தன் வேலையைச் செய்யும். வெளியே தளிர் விடும், பூக்கும், பார்க்கிறவர் கண் குளிரும்.

தூணுக்கு அந்தப் பக்கம் வாத்தியார், யாரோ ஒரு சிறுமிக்கு ஒற்றைக் காலில் நொண்டி விளையாடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீடு பழையபடி ஆனது. பழையதைவிட நன்றாகவே ஆனது என்றுதான் யாரும் சொல்வார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். அவர் குரல் முன்பைவிடக் கணீரென்று இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் மெச்சினார். கடைசி பெஞ்சுவரை கேட்கிறதாம், கத்தவே வேண்டியதில்லையாம். சமையலறையில் நிற்கும்போது அவளும் அதைக் கேட்டாள். கூடத்திலிருந்து வந்த குரலில் ஒரு முழக்கம் இருந்தது. அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் வருகிற முழக்கம். பேச்சு நின்ற பிறகும் ஒரு கணம் அது கேட்டது.

மர வாசனை மட்டும் போகவில்லை. காலையில் மங்கலாகவும் மதியம் கனமாகவும், வெயில் ஏறும்போது இன்னும் தித்திப்பாகவும், அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியிலும் படுத்தெழுந்த மெத்தைக் குழிவிலும் அது இருந்தது. மெத்தையில் குழிவு வரவரக் குறைந்துகொண்டே வந்தது. அதைப் பிறகுதான் யோசித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடித் தம்ளர் ஒன்று விழுந்து உடைந்தது. "நகராதீங்க, பெருக்கிடறேன்" என்று அவள் துடைப்பத்தை எடுப்பதற்குள் அவர் நாளிதழோடு குறுக்கே நடந்துவிட்டார். நடந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. மொறுக், மொறுக். அவர் நாளிதழில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"கால்ல கண்ணாடி!"

"எங்க?" என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். விரல் நீளத் துண்டு ஒன்று செருகி நின்றது. அவள் அதைப் பிடுங்கினாள். ரத்தம் வரவில்லை. நெடுநேரம் கழித்து, யோசித்து யோசித்து வருவதுபோல், தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டு வந்து அங்கேயே நின்றது. சாயங்காலத்துக்குள் கெட்டியாகி, வெளிச்சம் பட்டால் மின்னியது.

"வலிக்கலையா?"

"வலியெல்லாம் போயே போச்சும்மா. உடம்பே லேசா இருக்கு."

அவள் அந்தத் துளியைத் தொட்டாள். விரலில் ஒட்டியது. முகர்ந்தாள். பிறகு கொல்லைக் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள்.

மறுநாள் நண்பகலில் நிலையத்தின் பெரியவர் விழுந்தார்.

பெரியவர் என்பது முன்வாசல் மரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். பசையை முதன்முதலில் தடவியது அந்த மரத்துக்குத்தான். லாரி மோதிக் கிழித்த பெருங்காயம் தடம் தெரியாமல் மூடிக்கொண்டதைக் காட்டத்தான் வந்தவர் போனவரையெல்லாம் அங்கே கூட்டிப்போவார்கள். இலை இலையாகப் பச்சைப் பசேலென்று நின்ற மரம். அன்று காற்றே இல்லை. ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான். சைக்கிள் கொட்டகைமேல் நீட்டிப் படுத்துவிட்டது. நல்ல வேளையாக அடியில் யாருமில்லை.

எல்லோரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள். முறிந்த இடத்துக்குள் எட்டிப் பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. அடியிலிருந்து கிளை பிரியும் இடம்வரை பீப்பாய்போல் வெற்றிடம். சுற்றிலும் ஒரு சாண்கூட இல்லாத உயிருள்ள விளிம்பு. தரையில் கறுப்பாய், ஈரமாய், காப்பித்தூள்போல் ஒரு குவியல். அந்தப் பொந்திலிருந்து வந்த காற்று அவள் முகத்தில் மோதியது. ஈரமாக. தித்திப்பாக. அவள் வீட்டுக் கூடத்து வாசனை.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் காவல்காரர்.

"பசை வெளியே வேகமா மூடுது. உள்ள இருக்கிறதும் அதே வேகத்துல போகுது," என்றார் இயக்குநர். அவர் கலங்கவில்லை, ஆராய்ச்சிக்காரருக்கே உரிய ஆர்வம்தான் முகத்தில் இருந்தது. "மரத்துக்கு நட்டமில்லைங்க. மரத்துல உயிர் இருக்கிறது பட்டைக்குக் கீழ இருக்கிற மெல்லிசான அடுக்குல மட்டும்தான். நடுவுல இருக்கிறது எப்பவோ செத்த கட்டை. அது போனா என்ன, இருந்தா என்ன? பொந்து விழுந்த மரம் நூறு வருஷம் நிக்கும். இது பாவம், மெல்லிசா போயிருச்சு."

நடுவில் இருப்பது செத்த கட்டை. மரத்துக்கு.

அவள் கொட்டகைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கருவி அறைக்குப் போனாள். பொந்து பார்க்கும் கருவியை யாரிடமும் கேட்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியலால் தட்டினால், ஒலி உள்ளே எந்த வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டு மரத்தை வெட்டாமலே அதன் குறுக்குவெட்டைத் திரையில் வரைந்துகாட்டும் கருவி. கெட்டியான இடம் பழுப்பு. கெட்டுப்போன இடம் நீலம்.

பேருந்தில் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வானம் இறங்கிக் கறுத்திருந்தது. எல்லாம் நம் பயம், என்று சொல்லிக்கொண்டாள். பேய் அறைந்தவளுக்குக் கொடியில் காயும் சட்டைகூடப் பேய்தான், என்று சொல்லிக்கொண்டாள். நாளைக்கே வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், காலோ கையோ எது போனாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும், என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டதில் வாத்தியார் அவளுக்கு முன்பே வந்திருந்தார். மழை வருவதற்குள் கூடத்து விளக்கை மாற்றிவிடலாமென்று நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"பிடிச்சுக்க, பிடிச்சுக்க, ஆடுது."

நாற்காலி சாய்ந்தது. அவர் அவள்மேல் விழுந்தார்.

அவள் ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

ஒற்றைக் கையால். பையை இன்னொரு கையிலிருந்து கீழே வைக்கவேயில்லை. நாற்பது வயதுக்கு மேல் தொந்தி வைத்த மனிதர், கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் விளையாட்டாகத் தூக்கிப் பார்க்கப்போய் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ள வைத்த மனிதர், ஒரு வெறுங்கூடை எடைதான் இருந்தார். தொந்தி அப்படியே இருந்தது. கன்னம் அப்படியே இருந்தது. கீழே விட்டதும் தரையில் கால் பட்ட சத்தம் மட்டும், டொக், என்று கேட்டது.

"அடேயப்பா, உனக்கு இவ்வளவு பலமா!" என்று வியந்தார். அவருடைய வியப்பு அவருக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது.

"உட்காருங்க. ஒரு சின்னப் பரிசோதனை."

கருவியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மரமண்டை, மரமண்டைன்னு வாயால திட்டினது போதாம, மெஷினே கொண்டாந்துட்டியா?"

"சட்டையைக் கழட்டுங்க."

மரத்துக்கென்றால் ஆணி அடிப்பார்கள். அவள் ரப்பர் பட்டையில் உணரிகளைக் கோத்து அவர் மார்பைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது தோலைத் தொட்டாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளை அழ வைத்தது. அவர் பார்க்காதபடி முதுகுப்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் தட்டு. டொம்.

இரண்டாவது. டொம்.

"நல்லா இருக்கே," என்றார். "தாளம் போடு, நான் பாடறேன்."

மூன்றாவது. நான்காவது. சுற்றி வந்தாள். விலா, தோள்பட்டைக்குக் கீழே, முதுகு. எல்லா இடத்திலும் ஒரே ஒலி. நெஞ்சின் இடப்பக்கம் வந்தபோது அவள் கை நின்றது. உள்ளங்கையை வைத்தாள். காத்திருந்தாள். வெளியே முதல் இடி இடித்தது. உள்ளங்கைக்குக் கீழே ஏதோ இருந்தது. துடிப்பு அல்ல. மெல்லிய, ஒரே சீரான, மேல்நோக்கிய ஓட்டம். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுவதுபோல. தோலுக்கு மிக அருகில். தோலில் மட்டும்.

அங்கேயும் தட்டினாள்.

திரையில் படம் வரத் தொடங்கியது. முதலில் வெளிக்கோடு வந்தது. பிறகு ஓரமாக ஒரு பழுப்பு வளையம், மெல்லியது, வளையல் கனம். பிறகு நீலம் உள்ளே பரவியது. பரவியது. நிற்கவில்லை. நுரையீரல் இருக்க வேண்டிய இடம், இதயம் இருக்க வேண்டிய இடம். நீலம். நடுவரை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை.

இதே படத்தை எத்தனையோ மரங்களுக்குப் பார்த்திருக்கிறாள். அடியில் எழுதும் வார்த்தையும் அவளுக்குத் தெரியும். *உடனடியாக அகற்றவும்.*

"என்னம்மா தெரியுது?"

அவள் திரையை மடக்கினாள்.  அவர் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் தூங்காமல் கிடந்த அந்த முகம் இப்போது மலர்ந்து, குழந்தைபோல் நல்ல சேதிக்குக் காத்திருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள். "உள்ள ஒண்ணும் இல்லை."

"அப்பாடா!" வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தார். "நான்தான் சொன்னேனே. ஒண்ணும் இல்லைன்னு. நீதான் வீணாப் பயந்து சாகற."

சிரித்தார். கூடம் முழுக்க அதிர்ந்தது. அலமாரிப் பாத்திரம் கிண்ணென்றது. வெளியே மழை சாய்ந்து கொட்டத் தொடங்கியது. ஈர மண் வாசனை உள்ளே வந்து மர வாசனையோடு கலந்தது.

அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். கதவிடுக்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு. எறும்புகள். மழைக்கு ஒதுங்க இடம் தேடி, ஒவ்வொன்றும் வாயில் வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு, அவசரமில்லாமல் வரிசையாக வந்தன. நாற்காலிக் காலில் ஏறின. அவர் முழங்கையில் ஏறின. தோளில். கழுத்தில். அவர் தட்டிவிடவில்லை. அவருக்குத் தெரியவில்லை. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். காது மடலின் விளிம்பில் வந்து முதல் எறும்பு நின்றது. கொம்பை ஆட்டி இடம் பார்த்தது. பிடித்துப்போனது.

உள்ளே நுழைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. முட்டைகளோடு.